மார்கழிக் குளிரில் விதையும் கொட்டையும் முளைக்க வைப்பது: கொங்குப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு முழு வழிகாட்டி

எங்கள் தெருவில் ஓர் அக்கா மார்கழி பிறந்ததும் நாற்று வளர்க்கும் குழித்தட்டு வாங்கி மிளகாய் விதை போட்டார். எட்டு நாள் பார்த்தார். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. "செத்த விதையைத் தலையில கட்டிட்டாங்க கண்ணு" என்று சொல்லி, தட்டை அப்படியே கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வாழையடியில் கவிழ்த்துவிட்டார். அடுத்த வாரம் வாழையடியில் நாற்பது மிளகாய் நாற்று நின்றது.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் குளிர்காலம் என்பது செடியைக் கொல்லும் குளிர் இல்லை. விடியற்காலையில் 18 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறங்கும், சில நாள் இன்னும் கொஞ்சம் கீழே போகும், பகலில் 30 டிகிரியை ஒட்டி ஏறிவிடும். விதையைத் தூங்க வைக்க அந்த விடியற்காலை போதும். தூங்கும் விதையை எழுப்ப நினைத்துத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றுவதில்தான் பாதித் தட்டு அழுகிப்போகிறது. மீதிப் பாதி, எதை எப்போது போடுவது என்ற வரிசை தெரியாமல் வீணாகிறது. அதனால் வரிசையில் இருந்தே தொடங்கலாம்.

1. நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தைப்பட்டத்துக்கு, அதாவது தை மாதச் சாகுபடிக்கு, நாற்று மண்ணில் இறங்க வேண்டியது தை மாதக் கடைசி வாரம். பிப்ரவரி 5 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் விடியற்காலைக் குளிர் தளர்ந்திருக்கும். பங்குனி வெயில் வருவதற்குள் வேர் பிடிக்கவும் ஒரு மாதத்துக்குமேல் கிடைக்கும்.

மிளகாயும் கத்திரியும் இந்தக் குளிரில் தட்டில் 40 முதல் 45 நாள் இருக்கும். ஆகவே மார்கழி முதல் பத்து நாளுக்குள் அவை இரண்டையும் போட்டுவிட வேண்டும். தக்காளிக்கு 25 முதல் 30 நாள் போதும். பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்பு போட்டால் சரியாக வரும். பீர்க்கு, பாகல், சுரை, அரசாணி (மஞ்சள் பூசணி) இவற்றுக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் சின்னப் பைகளில் போட்டு, இரண்டரை வாரத்தில் பை மண்ணோடு நட்டுவிடுங்கள்.

புதியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாப் பாக்கெட்டையும் ஒன்றாகப் பிரித்துப் போடுவார்கள். ஒரு மாதத்தில் தக்காளி கொடிபோல் நீண்டு சாய்ந்திருக்கும், மிளகாய் நாலு இலையில் நிற்கும். தக்காளியை நட நிலம் தயாராக இருக்காது, வைத்திருக்கவும் முடியாது.

முட்டைக்கோஸும் காலிபிளவரும் இதற்கு நேர்மாறு. அவை தலை கட்டுவதற்கே குளிர் வேண்டும். கார்த்திகை முதல் வாரத்தில் விதைத்து, மார்கழியில் நட்டால்தான் மாசிக்குள் கை நிறையும். மார்கழியில் விதைத்தால் தலை கட்ட வேண்டிய நேரத்தில் பங்குனி வெயில் வந்து நிற்கும். ஊட்டியில் வருஷம் முழுக்க விளைகிறதே என்று மொட்டைமாடியில் முயன்றவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்தது இலை மட்டும்.

முள்ளங்கி, கேரட், பீட்ரூட், கொத்தமல்லி, கீரை எதுவும் தட்டுக்கு வேண்டாம். நேராக மண்ணில் போடுங்கள். தட்டில் வளர்த்து மாற்றினால் முள்ளங்கியும் கேரட்டும் ஆணிவேர் முறிந்து இரண்டு மூன்று காலாகப் பிரிந்து கிடக்கும். வெண்டை, கொத்தவரை இரண்டும் சூடு விரும்பிகள், தைக் கடைசிக்கு முன்னால் அவசரப்படாதீர்கள்.

பந்தல் அவரை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டவர்கள் இப்போது பறித்துக்கொண்டிருப்பார்கள். தையில் போட்டால் கொடி மட்டும் பந்தல் ஏறும். அவரை வேண்டுமென்றால் இப்போதைக்குச் செடி அவரை போடுங்கள்.

2. விதையைத் தொடும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

98 குழித் தட்டு மிளகாய், கத்திரி, தக்காளிக்குப் போதும். காய்கறிக் கொடிகளுக்குச் சின்ன நாற்றுப்பை. பை இல்லையென்றால் அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியே தாராளம். கொட்டைகளுக்கு ஒரு சாண் உயரமாவது உள்ள பை வேண்டும், ஏனென்றால் அவை இலை விடும் முன்பே வேரைக் கீழே ஓட்டிவிடும்.

பிறகு தென்னை நார்க்கழிவு. 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் வரும், மூன்று தட்டுக்குத் தாராளம். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு நார் ஆலையிலிருந்து பச்சையாகவே கிடைக்கும். அதை அப்படியே நிரப்பிவிடாதீர்கள். அதில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும், முளைக்கிற வேர் நுனி அதில் கருகும். மூன்று தடவை ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் கட்டன் டீ நிறத்தில் வரும், மூன்றாவது தெளிந்திருக்க வேண்டும். கட்டியாக வாங்கினாலும் ஒரு தடவை அலசிவிடுவது நல்லது.

இவற்றோடு மண்புழு உரம், அழுகலைத் தடுக்கும் நல்ல நுண்ணுயிர்ப் பொடியான டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாஸ் ஒரு பொட்டலம், பூவாளி, 50 சதவீத நிழல்வலை கொஞ்சம், பெயர் எழுத ஐஸ் குச்சிகள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஒரே வாரத்தில் கரைந்துவிடும். கத்திரிக்கும் சுண்டைக்கும் நாற்றில் வித்தியாசம் தெரியாமல் தவித்தவர்களுக்கு இந்தக் குச்சியின் அருமை தெரியும்.

எலிக்கு ஒரு வழி செய்து வையுங்கள். கடலை, பூசணி வகை விதைகள் போட்ட இரவே எலி வரும். கம்பி வலையோ, தட்டின் மேல் கவிழ்க்க ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையோ போதும்.

3. பத்து விதையைப் போட்டுப் பாருங்கள்

விதைப் பாக்கெட்டின் பின்புறம் பரிசோதனை நாளும் முளைப்புத்திறனும் இருக்கும். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் அந்த எண் செல்லும். விதைத் தரத்தின்படி தக்காளிக்கும் கத்திரிக்கும் குறைந்தபட்சம் 70 சதவீதமும், மிளகாய்க்கு 60 சதவீதமும் முளைக்க வேண்டும். அதாவது நூறு மிளகாய் விதையில் நாற்பது வராமல் போனாலும் அது தரமான விதைதான். மிளகாயை ஒரு குழிக்கு இரண்டாகப் போடச் சொல்வது இதனால்தான்.

சொந்த விதையோ பழைய பாக்கெட்டோ என்றால் சோதித்துவிடுங்கள். பத்து விதையை ஈரப் பருத்தித் துணியில் சுருட்டி, டிபன் பாக்ஸில் மூடி, சமையலறையில் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வையுங்கள். சிலர் செட்டாப் பாக்ஸ் மேல் வைக்கிறார்கள். சூடு சரியாகத்தான் இருக்கும், தண்ணீர் கசிந்தால்தான் வம்பு. தினம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டுங்கள். ஏழுக்குமேல் முளைத்தால் தைரியமாகப் போடலாம். நாலு முதல் ஆறு என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு விதை தேடுங்கள். தக்காளிக்கு ஒரு வாரமும் மிளகாய்க்கு இரண்டு வாரமும் பொறுக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தூக்கி எறிவது கொட்டைகளுக்குச் சரி. மிளகாய், கத்திரி, தக்காளிக்கு அந்தக் கணக்கு ஓடாது. காய்ந்த சின்ன விதை, நல்லதாக இருந்தாலும் கொஞ்ச நேரம் மிதக்கும்.

அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுச் சுவரில் சாணியோடு அப்பி வைத்த சுரை விதையும், சாம்பலில் பிசைந்து வைத்த கத்திரி விதையும் கிடைத்தால் விடாதீர்கள். சாணியை முதலில் தண்ணீரில் கரைத்து எடுத்துவிட்டுச் சோதியுங்கள். சாணிக் கட்டியோடு புதைத்தால் குளிரில் ஈரம் உள்ளே இறங்கவே நாலைந்து நாளாகும்.

4. தோலைப் பார்த்து ஊறவையுங்கள்

எல்லா விதையையும் ராத்திரி முழுக்க ஊறப்போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. விதையின் தோல்தான் கணக்கு.

தக்காளி, முட்டைக்கோஸ், முள்ளங்கிக்கு ஊறலே வேண்டாம். மிளகாயை 12 மணி நேரம் ஊறவைத்தால் இரண்டு மூன்று நாள் மிச்சமாகும். அவரை, தட்டைப்பயறு, பீன்ஸை இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் தண்ணீரை வேகமாகக் குடித்துப் பருப்பு வெடிக்கும், பிறகு மண்ணில் அழுகும். அவற்றைக் காய்ந்தபடியே ஈர மண்ணில் போடுங்கள்.

பாகல், பீர்க்கு, புடலைக்குத் தோல் ஓடு மாதிரி. நகவெட்டியால் விதையின் அகன்ற பக்க ஓரத்தை லேசாக உடையுங்கள். கூர்முனையில்தான் முளை இருக்கிறது, அங்கே கை வைக்காதீர்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, வெள்ளை முளை தெரிந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் தையில் போட்ட பாகல் பாதிக்குமேல் வருவதில்லை.

கொத்தமல்லி உருண்டை ஒன்றுக்குள் இரண்டு விதை. துணியில் கட்டிச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி இரண்டாகப் பிளந்து, பிறகு ஊறவையுங்கள். மிக்ஸியில் ஒரு சுற்று விடலாமா என்று கேட்பார்கள். விட்டால் ரசப்பொடிக்குத்தான் ஆகும்.

எதுவானாலும் தண்ணீரில் ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள். முளைக்கும் விதைக்கு மூச்சு வேண்டும், தண்ணீருக்குள் அது கிடைக்காது.

ஊறிய விதையைக் கொஞ்சம் வடிகஞ்சியில் புரட்டி, டிரைக்கோடெர்மா பொடியில் உருட்டி, நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது பண்ணைக் கணக்கு, சூடோமோனாஸ் என்றால் 10 கிராம். வீட்டுக்கு இரண்டு விரல் கிள்ளு போதும். பொடி பூசுவது எதற்கென்றால், முளைக்கு நாளாகும் குளிர்காலத்தில் மண்ணின் கெட்ட பூஞ்சைக்கு விதையைத் தின்ன அவகாசம் அதிகம். அது வரும் முன்பே நல்ல பூஞ்சை இடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இளஞ்சிவப்போ நீலமோ பூசிய கடை விதை என்றால் ஊறவைக்காதீர்கள், மருந்து கரைந்து போகும். வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

இன்னொன்று. குளிர்பிரதேசத்து வீடியோக்களைப் பார்த்து விதையைப் பிரிட்ஜில் ஒரு மாதம் வைக்கிறார்கள். ஆப்பிள், வால்நட் மாதிரி பனி நாட்டு மரங்களுக்குத்தான் அந்தக் குளிர் தேவை. நம் ஊர் விதைக்கு அது வேண்டியதில்லை. மா, பலா, நாவல் கொட்டைகளைப் பிரிட்ஜில் வைத்தால் செத்தே போகும்.

5. தட்டில் போடுதல்

மூன்று பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு மண்புழு உரம். கலவையை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு வர வேண்டும். ஓடையாக வழிந்தால் ஈரம் கூடுதல், பரப்பி ஆறவிடுங்கள். தோட்டத்துச் செம்மண்ணைத் தட்டில் சேர்க்காதீர்கள். சின்னக் குழியில் அது இறுகிச் செங்கல் ஆகிவிடும், பூஞ்சையும் கூடவே வரும்.

விதையின் தடிமன்போல் இரண்டு மடங்கு ஆழம். மிளகாய், கத்திரி, தக்காளிக்கு அரை சென்டிமீட்டர், கொடி விதைகளுக்கு இரண்டு சென்டிமீட்டர். விரலை முதல் கணுவரை அழுத்திக் குழி போட்டு மிளகாயைப் புதைப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் விதையின் சேமிப்பு தீர்ந்துவிடும்.

குச்சியில் பெயரோடு போட்ட தேதியையும் எழுதுங்கள். "எத்தனை நாளாச்சு?" என்ற கேள்விக்கு மனக்கணக்கு எப்போதும் கூட்டியே சொல்லும்.

6. கதகதப்பு

முளைக்கும்வரை விதைக்கு வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. ஆகவே தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு காலித் தட்டைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வீட்டுக்குள் ஒரு மூலையில் வையுங்கள். நாற்றங்கால் பண்ணைகளில் செய்வதும் இதுதான். அடுக்கினால் ஈரமும் சூடும் உள்ளேயே நிற்கும், தண்ணீரே ஊற்ற வேண்டியதில்லை. இரவில் மேலே ஒரு சாக்கைப் போர்த்துங்கள். சிமெண்ட் தரை விடிய விடியச் சில்லிடும், அதனால் அடியில் பலகையோ தெர்மோகோலோ போடுவது முக்கியம்.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். சூடு வேண்டும் என்று படித்துவிட்டு, பிளாஸ்டிக் சுற்றிய தட்டை மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மார்கழிதானே என்ற நினைப்பு. சாயங்காலம் பிரித்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. 98 குழியில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மூடிய தட்டு வெயிலைப் பார்க்கவே கூடாது.

தக்காளியை நாலாம் நாளிலிருந்தும், மிளகாய், கத்திரியை ஆறாம் நாளிலிருந்தும் காலையும் மாலையும் திறந்து பாருங்கள். நாலைந்து குழியில் வளைந்த கழுத்து தெரிந்தால் அன்றைக்கே பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மீதி விதையும் வரட்டும் என்று இன்னொரு நாள் விட்டால், முளைத்தவை வெளிச்சம் தேடி வெளுத்து நூலாக நீண்டுவிடும். அந்தக் கழுத்தை அப்புறம் சரிசெய்யவே முடியாது.

பிரித்த தட்டுக்கு முதல் மூன்று நாள் நிழல்வலைக்கு அடியில் இடம். பிறகு காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம். இரவில் திண்ணைக்கோ போர்ட்டிகோவுக்கோ எடுத்துவிடுங்கள், பனி நேராக இறங்க வேண்டாம்.

மிளகாய் முளைக்க இரண்டு வாரம் வரை ஆகலாம். 15-ஆம் நாள் வரை தட்டை வாழையடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

7. தண்ணீரும் நாற்றழுகலும்

காலையில் எழுந்ததும் தண்ணீர் ஊற்றுவது மற்ற மாதங்களுக்குச் சரி. மார்கழியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் விடியற்காலையில் ஐஸாக இருக்கும். அதை ஊற்றினால் வெயில் ஏறி மண் சூடாவதற்குள் பாதிப் பகல் போய்விடும். எட்டரை, ஒன்பது மணிக்குமேல் ஊற்றுங்கள். சாயங்காலம் வேண்டவே வேண்டாம். ராத்திரி முழுக்க ஈர இலையோடு நின்றால் நாற்றழுகல் வரும்.

ஊற்றலாமா கூடாதா என்பதைத் தட்டைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மேல்பரப்பு காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். இந்தக் குளிரில் பல நாள் ஒருநாள் விட்டு ஒருநாளே போதும்.

நாற்றழுகல் எப்படித் தெரியும் என்றால், நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று படுத்திருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பாகி நூலாகச் சுருங்கியிருக்கும். வாடியிருக்கிறது என்று நினைத்து அதற்கும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவார்கள், பக்கத்துக் குழிகளும் சாயும். பித்தியம் போன்ற மண் கிருமிகளின் வேலை இது, ஈரம்தான் அதன் சாப்பாடு. சாய்ந்த நாற்றைக் கலவையோடு தோண்டி எறிந்துவிட்டு, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, ஒரு நாள் காயவிடுங்கள். மறுநாள் லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து லேசாக ஊற்றுங்கள். சாய்ந்தது எழாது, நிற்பதைக் காப்பாற்றலாம்.

பொங்கல் கழிந்ததும் நிலைமை மாறும். கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கத் தொடங்கும், பல்லடம், காங்கேயம், தாராபுரம் மாதிரி வெட்டவெளிகளில் கேட்கவே வேண்டாம். அதுவரை இரண்டு நாள் தாங்கிய தட்டு அப்போது ஒரே மதியத்தில் காய்ந்துவிடும். ஆகவே தைப் பத்துக்கு மேல் மதியமும் ஒருமுறை தட்டைத் தூக்கிப் பாருங்கள்.

8. வெயிலுக்குப் பழக்கி நடுதல்

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசி இரண்டு நாள் முழு வெயிலிலும் காற்றிலும் விடுங்கள். தண்டு இறுகும். நிழலிலேயே வளர்ந்ததை நேராகத் தை வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகும்.

நட மாலை நேரம்தான் நல்லது. தட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அடியிலிருந்து விரலால் தள்ளினால் வேர்ப்பந்து முழுசாக வரும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தக்காளியை மட்டும் முதல் இலை வரை ஆழப் புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும்.

9. கடலைக்காய்

கொட்டைகளில் குளிர்காலத்துக்கு ஏற்ற முதல் பாடம் கடலைக்காய்தான். தண்ணீர் வசதி உள்ளவர்கள் மார்கழிப்பட்டத்தில் போடுவதுண்டு. வீட்டுக்கு அகலமான இரண்டு மூன்று பை போதும், ஒரு பைக்கு மூன்று நாலு செடி.

ஓட்டோடு வாங்கி, போடுகிற அன்று கையால் உரியுங்கள். மெஷினில் உடைத்த பருப்பில் சிவப்புத் தோல் கீறியிருக்கும், குளிர் மண்ணில் அந்தக் கீறல் வழியாகத்தான் அழுகல் நுழையும். தோல் கிழிந்தது, பாதியாகப் பிளந்தது, சுருங்கியது எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் படரும் கொடிக்கடலை வகை என்றால் பறித்த உடனே முளைக்காது, ஒன்றிரண்டு மாதம் உறங்கும். கொத்தாக நிமிர்ந்து நிற்கும் கடலை வகைக்கு அந்த உறக்கம் இல்லை.

நாலு முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், அதற்குமேல் வேண்டாம். மண் வெயிலில் சூடேறிய மதியத்தில் போடுங்கள், முதல் தண்ணீரை விடிய விடியச் சில்லிட்ட மண் குடிக்கக் கூடாது. பத்து நாள் வரை பொறுங்கள். 40-ஆம் நாளை ஒட்டிப் பூ விழுந்து, காயாகப் போகிற விழுது மண்ணுக்குள் இறங்கும்போது ஒரு பிடி ஜிப்சம் தூவி, மண்ணை அடியில் அணைத்துவிடுங்கள். காய் தன் சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது, அது குறைந்தால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. விழுது இறங்கியபின் மண்ணைக் கிளறாதீர்கள். சித்திரைக்குக் காய் பறிக்கலாம்.

10. தேங்காய்

நாற்று வாங்காமல் சொந்த மரத்து நெற்றிலேயே (முற்றிய காய்) போட ஆசைப்பட்டால் முதலில் மரத்தைப் பாருங்கள். நெட்டை-குட்டை கலப்பின மரத்துக் காயைப் போட்டால் தாயைப்போல் வராது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக நிற்கும். நல்ல நாட்டு நெட்டை மரமாக, இருபது வருஷத்துக்குமேல் சீராகக் காய்த்ததாக இருக்கட்டும்.

11, 12 மாதம் முற்றிய நெற்றைக் கயிற்றில் இறக்குங்கள். போட்டு உடைத்தால் உள்ளே கீறல் விழும், வெளியே தெரியாது. ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் சத்தம் கேட்காததைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெட்டை நெற்று ஒரு மாதம் நிழலில் மணலில் ஓய்வெடுக்கலாம். குட்டை நெற்று சீக்கிரம் வற்றிவிடும், ஒரு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

மணல் பாத்தியில், காம்புப் பக்கம் மேலே இருக்க, முக்கால்வாசி புதைத்து இரண்டு நாளுக்கு ஒரு தண்ணீர். செம்மண் காட்டில் கரையான் வரும், ஆகவே மணல் பாத்தியைத் தரையிலிருந்து தள்ளித் தொட்டியிலோ செங்கல் கட்டியோ வையுங்கள். முளை வர இரண்டு மூன்று மாதம், மார்கழியில் போட்டால் கூடவே சில வாரம். ஐந்தாறு மாதத்தில் முளைக்காததைக் கழித்துவிடுங்கள். முன்னால் முளைத்து, கழுத்து தடித்து, இலை சீக்கிரம் பிரிகிறதுதான் நல்ல பிள்ளை. பின்னால் வந்ததைப் பாவம் பார்த்து நடாதீர்கள், முப்பது நாற்பது வருஷம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

11. மற்ற கொட்டைகள்

நெல்லிக்கு இதுதான் காலம். பழத்தைத் தின்றபின் கொட்டையை வெயிலில் காயவைத்தால் நாலைந்து நாளில் அதுவே வெடிக்கும், மேலே மெல்லிய துணி போடாவிட்டால் விதை தெறித்துவிடும். கொட்டையை அப்படியே புதைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள். உள்ளே இருக்கும் சின்ன விதைகளை ஒரு இரவு ஊறவைத்து, அமிழ்ந்ததை மட்டும் போடுங்கள். விதையில் வந்த மரம் காய்க்க வருஷமாகும், காய் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. காய்தான் வேண்டும் என்றால் ஒட்டுச்செடி வாங்கிவிடலாம்.

இலந்தைக் கொட்டையைக் குறட்டால் மெதுவாக நசுக்கி ஓட்டில் விரிசல் விடுங்கள். புளியங்கொட்டை தை, மாசியில் புதிதாகக் கிடைக்கும், ஒரு நாள் ஊறினால் இரண்டு வாரத்தில் தலை தூக்கும். சீத்தாப்பழ விதை ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும், அதற்குத் தனிப் பை வையுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோய் வேறொன்றைப் போட்டுவிடுவீர்கள். நாட்டு பாதாம் கொட்டையை இரவு ஊறவைத்து, படுக்கைவாக்கில் பாதி புதைத்தால் போதும்.

மளிகைக் கடைப் பாதாமை ஊறவைத்து நடலாமா என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள். சிலது முளைக்கும். பூத்துக் காய்க்க அந்த மரத்துக்கு வேண்டிய குளிர் நம் சமவெளியில் கிடைக்காது.

பனங்கொட்டை போட இது காலமில்லை. பழம் விழும் ஆவணி, புரட்டாசியில்தான் புதைத்திருக்க வேண்டும். அப்படிக் கிழங்குக்காகப் புதைத்த பாத்தியைப் பொங்கலுக்குத் தோண்டும்போது, மரம் வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் தொடாமல் விடுங்கள். பனை முதலில் கீழ்நோக்கித்தான் ஆழமாகப் போகும், பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பது அரிது. குருத்து மேலே தெரிய இன்னும் சில மாதமாகும். அதுவரை பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள், மண்வெட்டி பிடித்து வருகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பது தெரியாது.